ஓரகத்தி வரைந்த ஸ்பேசர்

அந்த வீட்டுப் பெரிய மருமகளுக்கு மில்லிங் மெஷினில் மயிரிழை பிசகாது. மனசுதான் கொஞ்ச நாளாகப் பிசகிக் கிடந்தது. சின்ன மருமகள் வந்ததிலிருந்து என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

முன்பக்கம் மாமனாரின் கார் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். கழற்றுவதும் பூட்டுவதும் மூத்த மகன் வேலை. பெரியவள் கல்யாணமாகி வந்த புதிதில், மெஷின்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, அவசரத்துக்கு, உலோகத்தை இழைத்து வெட்டுகிற அந்த மெஷினைத் தொட்டாள். பிறகு யாரையும் தொட விடவில்லை. "பெரியவளே, இது சரியா வருமா?" என்று அவளைக் கேட்காமல் மாமனார் ஒரு போல்ட்டுகூட வாங்கியதில்லை. அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு நகையும் நட்டும்.

இப்போது இளைய மகனைக் கட்டிக்கொண்டு இன்ஜினியரிங் படித்தவள் ஒருத்தி வந்துவிட்டாள். ஜன்னலோரம் மேஜை, கம்ப்யூட்டர், சுற்றுகிற நாற்காலி. பெரியவள் இத்தனை வருஷமும் நின்றுகொண்டே வேலை பார்த்தவள்! மாமனார் எதற்கெடுத்தாலும் "சின்னவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சின்னவள் ராங்கிக்காரியாக இருந்தாலாவது தேவலை. "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றுகிற பூனை மாதிரி வருவாள். திட்டுவதற்கு ஒரு சாக்குக்கூடத் தர மாட்டாள், பாவி! அதுவே பெரியவளுக்குப் பாதி எரிச்சல்.

இப்படியிருக்கையில் வேகப் பைத்தியம் பிடித்த ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். முன்சக்கர பிரேக் டிஸ்க்கைப் பெரிதாக்க வேண்டுமாம். பழைய டிஸ்க்கின் விட்டம் முந்நூற்று முப்பது எம்.எம்.; அவர் வாங்கி வந்தது முந்நூற்று ஐம்பத்தைந்து. டிஸ்க் பெரிதானால் அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரும் வெளிப்பக்கமாகத் தள்ளி உட்கார வேண்டும். அதற்கு இடையில் அலுமினியக் கட்டை கொடுக்க வேண்டும். அதுதான் ஸ்பேசர். வரைவது சின்னவள், வெட்டுவது பெரியவள் என்று மாமனார் பங்கு பிரித்துவிட்டார்.

வரைபடம் வந்தது. பெரியவள் அதைக் குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணோடுதான் கையில் வாங்கினாள். துளைகள் சரி. போல்ட் எத்தனை ஆழம் மரைக்குள் இறங்க வேண்டும் என்பதைக்கூடக் குறித்திருந்தாள். அது பெரியவளுக்கே தோன்றியிருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். தடிமன், இருபத்தைந்து.

இருபத்தைந்தா?

சின்னத் தட்டின் மேல் பெரிய தட்டை நடுவோடு நடு வைத்தால், கூடுதல் அகலம் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகத்தானே பிரியும்? விளிம்பு நகர்வது பன்னிரண்டரைதான். சின்னவள் அவசரத்தில் ஒரு விட்டத்திலிருந்து இன்னொன்றைக் கழித்து, பாதியாக்காமல் அப்படியே எழுதிவிட்டாள்.

கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். சின்னவள் அந்தப் பக்கம் நாற்காலியில் சுற்றியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் சொல்லவில்லை. வரைந்ததை வெட்டுவதுதானே என் வேலை? பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, அதை எடுத்து வெளியே போட எனக்கென்ன பைத்தியமா?

வெட்டினாள். நாளைக்கு யாரும் வெட்டைக் குறை சொல்லிவிடக் கூடாதே! சக்கரத்துக்கு இரண்டாக நான்கு கட்டைகளையும் இழைத்து, ஓரம் தேய்த்து, துடைத்து வைத்தாள். இத்தனை சிரத்தையாக அவள் சரியான வேலையைக்கூடச் செய்ததில்லை.

மறுநாள் மதியம் அவள் புருஷன் அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தான். "கண்ணாடி மாதிரி வெட்டியிருக்கியே!" என்றான். கல்யாணமானதிலிருந்து அவன் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. வந்தது பார், இன்றைக்குப் போய்!

அவன் பூட்டினான். பூட்டியவன் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"அப்பா, இங்க வாங்க. கேலிப்பருக்குள்ள இருக்கற பிரேக் பேட் பாதி டிஸ்க் மேல இருக்கு, பாதி காத்துல நிக்குது. இப்படியே அனுப்பினா பிரேக்கே பிடிக்காது."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சின்னவள் ஓடி வந்தாள். ஒரு பார்வை பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, பாதியாக்காம விட்டுட்டேன் மாமா. என் தப்புதான்."

பெரியவள் மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சி முழுசாக இறங்குவதற்குள் மாமனார் திரும்பினார்.

"ஏம்மா பெரியவளே, நீயும் பாக்கலையா?"

அட, இதை அவள் யோசிக்கவேயில்லையே! பார்க்கவில்லை என்றால் விவரம் கெட்டவள். பார்த்தேன் என்றால் பொல்லாதவள். சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கண்டுபிடித்தாளோ, சட்டென்று நடுவில் புகுந்தாள்.

"அக்கா அப்பவே சொன்னாங்க மாமா. மாத்தித் தரேன்னுட்டு நான்தான் மறந்துட்டேன்."

மாமனார் முகம் இளகிவிட்டது. "சரி விடு. தப்ப இப்படிப் பட்டுனு ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று சின்னவளின் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

போச்சு! கெட்டிக்காரி என்ற பெயர்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தது என்றால், நல்லவள் என்ற பெயரும் அவளுக்கேவா? அதுவும் என்னைக் காப்பாற்றியா? பெரியவள் கட்டிய கையை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"பொய் சொல்றா. நான் ஒண்ணும் சொல்லல. பாத்தேன், தெரிஞ்சுது, தெரிஞ்சேதான் வெட்டினேன்."

"ஏன்மா?" என்றார் மாமனார்.

"பொறாமை, வேறென்ன? எதுக்கெடுத்தாலும் சின்னவளக் கேளு, சின்னவளக் கேளுன்னா? நான் எங்க போறது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது. புருஷன் ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான். மாமனார் கண்ணாடியைக் கழற்றி மடித்து, பையில் போட்டுக்கொண்டார்.

சின்னவள் அழவில்லை. அழுதிருந்தால் பெரியவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த நம்பர் மேல எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததுக்கா," என்றாள். "நீங்கதானே வெட்டப் போறீங்கன்னு விட்டுட்டேன்."

பெரியவளுக்கு முதுகில் அறை வாங்கியது போலிருந்தது. மாமனார் கேட்ட அதே கேள்வியைத்தான் இந்தப் பெண்ணும் நேற்று கேட்டிருக்கிறாள், வாயைத் திறக்காமல். இது சரியா வருமா அக்கா? அவள் பதில் சொல்லாமல் கட்டையை இழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நல்லவேளை, தடிமன் கூடிய கட்டையைக் குறைத்துவிடலாம். குறைந்துபோனதைத்தான் கூட்ட முடியாது. புருஷன் கழற்றி வைத்த நான்கையும் வாரிக்கொண்டு மெஷினுக்குப் போனாள். முதல் கட்டையை இறுக்கினாள். சுவிட்சில் கையை வைத்தவள் போடவில்லை.

"அளவு சொல்லு," என்றாள், திரும்பாமல்.

"உங்களுக்குத்தான் தெரியுமேக்கா."

"வரைஞ்சவ நீ. நீ சொல்லு."

சின்னவள் பின்னால் வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பன்னெண்டரை. போல்ட்டும் அதே அளவு நீளம் குறையணும்."

போல்ட்டைப் பெரியவள் யோசித்திருக்கவில்லை. வழக்கம்போலப் பொறாமை சுருக்கென்று தைத்தது. அதை விழுங்கிக்கொண்டு, பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "சரியா வரும்" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.