மூன்று முறை சிமிட்டிய விளக்கு

வீட்டுக்குள் வெப்பமானி பதினோரு டிகிரி காட்டியது. காலை ஏழு மணிக்குப் பதினெட்டு இருந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. லெஸ்யாவின் கோட்டுக்குள், நெஞ்சோடு ஒட்டி, அவளுடைய இருபது நாள் குழந்தை ஹன்யா.

அடித்தள அறையில், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை அணைந்து கிடந்தது. அதைப் பார்க்க யார்க்டன் நகரத்திலிருந்து வந்த கம்பெனி ஆள் ட்ரெவர் அதன் முன் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டே நிமிடத்தில் மூடினான். சமையலறை மேஜையில் ஒரு தாளை விரித்தான்.

"பன்னெண்டு வருஷ ஃபர்னஸ், மேடம். ஒன்பதாயிரம் டாலர். கையெழுத்துப் போட்டா சாயங்காலத்துக்குள்ள புதுசு ஓடும்."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"பண்ணலாம். நாளைக்கே மறுபடி படுத்துக்கும். நான் கிளம்பிட்டா அப்புறம் வியாழக்கிழமைதான்."

அன்று திங்கள். வியாழன்வரை தண்ணீர்க் குழாய்கள் தாங்காது, உறைந்து பிளந்துவிடும். கணவன் மைரன் பொட்டாஷ் உரம் எடுக்கும் சுரங்கத்தில் வேலையில், போன் எட்டாத ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தான். ஒன்பதாயிரம் போனால் வசந்தத்தில் வயலுக்கு விதை வாங்கக் கையில் ஒன்றுமிருக்காது.

பேனாவை எடுத்தபோது போன் அடித்தது. காலையிலிருந்து ட்ரெவரைத் தவிர இன்னும் ஆறு பேரை அழைத்திருந்தாள். திருப்பி அழைத்தவர் ஆர்வில் மட்டுமே. தனியாளாக ரிப்பேர் வேலை செய்பவர்.

"பனியால எங்க பக்கத்து ரோட்டை மூடிட்டாங்கம்மா, என்னால இன்னிக்கு வர முடியாது. என்னாச்சு?"

"ஒருத்தர் வந்திருக்காரு. புதுசுதான் போடணுங்கிறாரு."

"உள்ள ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்குமே, எத்தனை தடவை சிமிட்டுதாம்?"

லெஸ்யா ட்ரெவரிடம் கேட்டாள். "கவனிக்கலை, மேடம்," என்று அவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான்.

"பாக்கவே இல்லையா? நல்லா பாத்தான் போ! நீயே போய்ப் பாரும்மா."

இறங்கிப் போய், உலையின் முன் தகட்டிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். "மூணு."

"அப்படின்னா அடைப்பு. கேளு. நெருப்புப் பத்தறதுக்கு முன்னாடி ஒரு குட்டி விசிறி சுத்தி, புகைக்குழாய் வழியா காத்தை வெளிய தள்ளும். அந்த இழுப்பு சரியா இருந்தாத்தான் ஒரு ஸ்விட்ச் தானா ஆன் ஆகும், கேஸ் திறக்கும். இல்லேன்னா திறக்காது. அந்த ஸ்விட்சை மட்டும் ஒயர் வச்சு ஏமாத்திடாத, விஷப்புகை வீட்டுக்குள்ள வந்துரும். குழாய் எங்க வெளிய போகுது?"

"வடக்குச் சுவர்ல."

"சுவரோரமா பனியைக் குமிச்சிருக்கீங்களா?"

"நேத்து மைரன் இடுப்பளவு குமிச்சாரு. அடித்தளம் கதகதன்னு இருக்கும்னு அவங்கப்பா வருஷா வருஷம் செய்வாராம்."

"அவங்கப்பா காலத்துல புகை கூரைவழியா போச்சும்மா! ஓடு!"

அவள் குழந்தையை ட்ரெவரிடம் நீட்டினாள். "பிடிங்க. கோட்டுக்குள்ள வைங்க."

"மேடம், எனக்கு இதெல்லாம்..."

"தலையைத் தாங்கிப் பிடிங்க!"

வெளியே, மைரன் மண்வாரியால் தட்டித் தட்டிச் சீராக்கிய மேடு கல்லாக இறுகியிருந்தது. அதே மண்வாரியால் குத்தினாள். மூச்சு இமைகளில் உறைந்தது. வேகமாகக் குத்தினால் குழாய் உடையும், மெதுவாகக் குத்தினால் நேரம் போகும். முழங்காலிட்டுக் கையால் பறித்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் விளிம்புகள் இரண்டு தெரிந்தன, காற்றை இழுப்பது ஒன்று, புகையை விடுவது ஒன்று. இரண்டின் வாயிலும் பனிக்கட்டி. கையுறையைக் கழற்றி விரலால் பெயர்த்தாள்.

உள்ளே ஓடி வந்து உலையின் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டாள். போன் காதில்.

குட்டி விசிறி சுழன்றது. அதற்குப்பின் ஒன்றுமில்லை.

"ஆர்வில், பத்தல!"

"பொறு. முப்பது செகண்ட் சுத்தும். உள்ள நிக்கிற பழைய கேஸைத் துரத்துது."

அவள் எண்ணினாள். இருபத்தொன்பதில் டிக் என்றது. கண்ணாடித் துளைக்குள் நீலச் சுவாலை வரிசையாகப் படர்ந்தது.

"பத்திருச்சு!"

"ரோடு திறந்ததும் வந்து அந்தக் குழாயை ஒசத்தித் தரேன். அதுக்கு மட்டும் கூலி குடு. இன்னிக்குப் பேசினதுக்கு வேண்டாம்."

உலையின் பெரிய விசிறி முழங்கிச் சூடான காற்றை மேலே தள்ள, அவள் படியேறினாள். சமையலறைத் தரையின் காற்றுத் துவாரத்தருகே ட்ரெவர் மண்டியிட்டிருந்தான். அவன் கோட்டிலிருந்து ஹன்யாவின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. லெஸ்யா கைகளை நீட்டினாள்.

"உங்க கை ஐஸா இருக்கு, மேடம்," என்றான். "முதல்ல அதைச் சூடு பண்ணுங்க. அப்புறம் தரேன்."