பெரிய மேடும் சின்ன மேடும்

பசுவந்தனைக்குத் தெற்கே ஆடு மேய்க்கும் வெயிலுகந்தம்மாளுக்கு நிழல் கிடையாது. நிழல் விழவேண்டிய இடத்தில் வெயில் இரண்டு பங்காக விழும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அவளுக்குப் பின்னாலிருந்து வருகிற வெளிச்சம் அவள்மேல் முட்டி நிற்காமல், ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றி ஓடுவதுபோல இரண்டு பக்கமும் வளைந்து வந்து முன்னால் சேர்ந்துகொள்ளும். ஊர்க்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டெல்லாம் நிற்கவில்லை, உபயோகப்படுத்திக்கொண்டார்கள். பங்குனியில் மிளகாய் காயப்போட்டவர்கள் அவளைக் கூப்பிட்டு அம்பாரத்துக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நிற்கச் சொல்லி, ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்புவார்கள். ரேஷன் கடைச் சுவரில் பொடி எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினால், கண் மங்கியவர்கள் அவளை வெயிலுக்குக் குறுக்கே நிறுத்திவைத்துப் படித்துக்கொள்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ் கோபாலசாமி மட்டும் அவளைக் கேட்டுக்குள் விடவே மாட்டார். “நீ நல்லா இருப்ப தாயி, அங்கிட்டே நில்லு” என்று இரண்டு கையையும் கூப்புவார். மருந்து முக்கின குச்சி காயும் இடத்தில் இரட்டை வெயிலுக்கு என்ன வேலை என்று அவளும் சிரித்துக்கொண்டே தள்ளிப் போய்விடுவாள்.

இருபத்து மூன்று வயதில் அவளுக்கு எட்டாம் மாசத்திலேயே வலி வந்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே மூச்சில்லை. பெயர் வைக்காத பிள்ளைக்கு அவர்கள் வீடுகளில் சடங்கு கிடையாது, துஷ்டி கேட்டு வருகிறவர்களும் கிடையாது. பொழுது சாயுமுன் புருஷன் சுடலைராஜ் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், தன் அப்பா நிலத்தின் வடகோடியில் ஓர் உடைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். அழுதால் அடுத்த பிள்ளை தங்காது என்று பெரிய பொம்பளைகள் சொன்னார்கள். அவள் அழவில்லை. அடுத்த பிள்ளையும் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து அந்த நிலமும் சுற்றியிருந்த கரிசலும் குத்தகைக்குப் போய், அங்கே சூரிய மின்சாரத்துக்கான தகடுகள் வரிசை வரிசையாக முளைத்தன. உடைமரத்தை வெட்டி இரும்புத் தூண் நட்டு வேலியும் போட்டுவிட்டார்கள். அது எந்த இடம் என்று அவளுக்கு மட்டும் தெரியும். பதினாலாவது வரிசை, மூன்றாவது தூண். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலே முக்காலுக்கு மேற்கு வேலியோரமாக ஆடுகளைப் பத்திக்கொண்டு போனாள். பிள்ளை எத்தனை என்று யாராவது கேட்டால் இல்லை என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு அன்றைக்குப் பூராவும் சோறு இறங்காமல் இருப்பாள்.

சுடலைராஜ் பிழைப்புக்காகக் கயத்தாறு போய், நாலுவழிச் சாலையில் லாரிகள் நிற்கிற இடத்தில் பஞ்சர் கடை போட்டான். பின்னால் ஆடு அடைக்க இடம் இருக்கிற வீடாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்து, அவளை வரச் சொன்னான். இரண்டு வருஷமாகச் சொன்னான். அவள் அசையவில்லை, காரணமும் சொல்லவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வர என்று புருஷனிடம்கூடச் சொல்ல முடியாதபடி அந்தப் பேச்சு அவர்களுக்குள் நின்றுபோயிருந்தது. ஊர் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் கடம்பூர் போளியோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, பேசாமல் போவான். இந்த வருஷம் ஆனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டே, “ஏட்டி, ஆடி முடியதுக்குள்ள வந்திரு. வரலைன்னா இனிமே நானும் வரமாட்டேன். என்னால தனியா இருக்க முடியல” என்றான். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தான். குரல் உடைந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் மின்நிலையத்துக்கு ஹரிகிருஷ்ணன் வேலைக்கு வந்தான். கோவில்பட்டிக்காரன், டிப்ளமோ படித்தவன், எதையும் சும்மா விடாத குணம். எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை. காலையில் ஏறி மத்தியானம் உச்சிக்குப் போய்ச் சாயங்காலம் இறங்கும் அந்தக் கோடு, கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி இருக்கும். மேகம் வந்தால் பள்ளம் விழும். ஆனால் தினமும் நாலே முக்காலுக்கு, இறங்குகிற கோடு ஒரு மேடு ஏறி இறங்கியது. மீட்டரில் கோளாறு என்று தலைமை ஆபீசுக்கு எழுதினான். தகடுகளைத் துடைக்கச் சொல்லிப் பதில் வந்தது. துடைத்தான். மேடு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலிப்பக்கம் போய் நின்றான். ஆடுகள் நிழலோடு வந்தன, நாய் நிழலோடு வந்தது, பின்னால் ஒரு பெண் நிழலில்லாமல் வந்தாள்.

“அக்கா, நீங்கதானா அது?” என்றான்.

“நான் ஒண்ணும் செய்யலியே தம்பி. ஆடு வேலிக்கு வெளியதான மேயுது” என்றாள் அவள்.

பெரிய மேட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சின்ன மேடும் இருந்தது, ஏழெட்டு வினாடிதான். சில நாள் பெரியதற்கு முன்னால் வந்தது, சில நாள் பின்னால் வந்தது. அவன் நாயைக் கட்டிப்போடச் சொன்னான். குட்டிகளைத் தனியாக விடச் சொன்னான். தோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, கம்பில்லாமல், தூக்குவாளி இல்லாமல் நடக்கச் சொன்னான். கிறுக்குப் பையன் என்று நினைத்தாலும் அவள் சொன்னபடியெல்லாம் நடந்து காட்டினாள். சின்ன மேடு போகவில்லை.

பிறகு செல்போனில் தேடிப் படித்தான். வானத்திலும் இதே கோடு உண்டு என்று தெரிந்தது. தூரத்து நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நட்சத்திரம் அதற்குக் குறுக்கே போகும். மறைக்க வேண்டியதுதானே? மறைக்காது. தன் ஈர்ப்பால் பின்னாலிருக்கிற வெளிச்சத்தை வளைத்துக் கூட்டிக் காட்டும். கோடு மேடாக ஏறும். குறுக்கே போன நட்சத்திரத்துக்கு ஒரு கிரகம் இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன மேடு விழும், சில மணி நேரம்தான். எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாத அவ்வளவு தூரத்துக் கிரகங்களை அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேட்டின் உயரத்தையும் அகலத்தையும் வைத்து எடையைக் கூடச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கிரகத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. நட்சத்திரத்தின் பெயரோடு ‘பி’ என்று ஓர் எழுத்து சேர்ப்பார்கள். ஒரே வருத்தம், இரண்டு நட்சத்திரமும் மறுபடி அப்படி நேராக வராது. தவறவிட்டால் தவறவிட்டதுதான். தன் நட்சத்திரம் தினமும் நாலே முக்காலுக்கு ஆடு பத்திக்கொண்டு வருவதை நினைத்து ஹரிகிருஷ்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு குயர் நோட்டு நிறையக் கணக்குப் போட்டான். அட்டையில் ‘வெயிலுகந்தம்மாள் பி’ என்று எழுதினான்.

ஆடி இரண்டாம் வாரம், காற்று செம்மண்ணும் கரிசலுமாக வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நோட்டைப் பிரித்தான். “அக்கா, உங்களச் சுத்தி ஒண்ணு வருது. கண்ணுக்குத் தெரியாது. இருபத்தி நாலு கிலோ இருக்கும். சில நாள் முந்தி ஓடுது, சில நாள் பிந்தி வருது. மூணு எட்டுக்கு அங்கிட்டுப் போகவே மாட்டேங்குது.”

“எத்தன வருசமாத் தம்பி?” என்றாள் அவள்.

“நிலையம் ஓட ஆரம்பிச்ச நாள்லேருந்து இருக்குக்கா. ஆறு வருசம். பழைய கோடெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். அப்ப பதிமூணு கிலோதான். வருசா வருசம் கூடிட்டே வருது.”

அவள் விரலை மடக்கி எண்ணினாள். மூன்றும் ஆறும் ஒன்பது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பதினாலாவது வரிசையைக் காட்டி, “அப்போ அங்கன இல்லியா?” என்றாள்.

“எங்கனக்கா?”

“அந்த மூணாவது தூணுக்கு அடியில.”

ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக, அதுவும் முன்பின் தெரியாத ஒருவனிடம், அவள் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். ஹரிகிருஷ்ணனுக்கு அவ்வளவு நாள் போட்ட கணக்கு யாருடையதென்று அப்போதுதான் தெரிந்தது. “இல்லக்கா. அங்கன கோடு சும்மாதான் கெடக்கு. உங்ககூடத்தான் வருது” என்றான். அவள் சேலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நிறைய அழுதாள். ஆடுகள் பாட்டுக்கு மேய்ந்தன. அன்றைக்குச் சின்ன மேடு பெரிய மேட்டோடு ஒட்டி ஒன்றாகவே பதிவாகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சுடலைராஜைக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அவன் நோட்டு அட்டையைப் படித்துவிட்டு, “இனிஷியல் முன்னாலல்லா வரும்?” என்றான். ஹரிகிருஷ்ணன் கோட்டைக் காட்டினான். சுடலைராஜ் கிரீஸ் அப்பிய விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, சின்ன மேட்டைத் தொட்டான். “எத்தன கிலோன்னு சொன்னிய?” என்று கேட்டான். சொன்னதும், “நான் தூக்கிட்டுப் போவும்போது கனமே இல்ல” என்றான். வெயிலுகந்தம்மாள் அவன் தோளில் கை வைத்து, “நாம போவோம்” என்றாள்.

அவர்கள் போன பிறகு மின்நிலையத்தில் மேடு விழவில்லை. கோளாறைச் சரிசெய்ததற்காகத் தலைமை ஆபீஸ் ஹரிகிருஷ்ணனைப் பாராட்டிக் கடிதம் எழுதியது. அவன் அதை நோட்டுக்குள் மடித்துவைத்தான்.

ஆடுகளோடு சுடலைராஜ் குட்டியானை லாரியில் முந்திப் போய்விட்டான். வெயிலுகந்தம்மாள் கோவில்பட்டியில் திருநெல்வேலி பஸ் ஏறினாள். இருவர் சீட்டில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்ததும், “கயத்தாறுக்கு ஒண்ணரை” என்றாள். கண்டக்டர் அவளைப் பார்த்தார், பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். முழு டிக்கெட் ஒன்றும் அரை டிக்கெட் ஒன்றும் கிழித்துக் கொடுத்தார். இடம் காலி என்று நினைத்து உள்ளே நுழையப் பார்த்த ஒருவரைத் தடுத்து, “அண்ணாச்சி, பின்னால போங்க. பிள்ள உக்காந்திருக்குல்லா” என்றார். கயத்தாறு வரைக்கும் பஸ்ஸில் நல்ல கூட்டம்.