கெரெசென்சியா டீச்சரை நான் நடித்துக் காட்டிய காலை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் இறந்துபோனால், அடக்கத்துக்கு முன் அந்த வீட்டு மருமகள் இறந்தவரின் உடையைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே நடந்து, பேசி, திட்டிக் காட்ட வேண்டும். வந்தவர்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும். "அவங்களேதான்" என்று கூட்டம் வாய்விட்டுச் சொன்னால்தான் போனவர் நிம்மதியாகப் போவார்.

என் கணவர் தக்குராவின் பாட்டி கெரெசென்சியா டீச்சர் இறந்தபோது இந்த வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் என்னைவிட மூத்த மருமகள்கள் இருந்தார்கள். ஆனால் டீச்சரின் ஒரே மகளான செகாய் அத்தை, களி கிண்டிக்கொண்டிருந்த எங்கள் அடுப்புப் பக்கம் வந்து, நேராக என்னைப் பார்த்துத்தான் விரல் நீட்டினார்.

"இவ செய்யட்டும்."

"அத்தை, அவங்க பேசி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்ல."

"குளிப்பாட்டி விட்டியே, அப்பல்லாம் கண்ண மூடிக்கிட்டா இருந்த? நல்லாக் கேட்டுக்க. எங்கம்மாவ ஒரு தடவ பாக்காம பெட்டி இந்த முற்றத்த விட்டு நகராது. சர்ச் சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அத்தை சொன்னால் சொன்னதுதான். அவர் போன பிறகு மூத்தவர்கள் என்னைப் பார்க்காமல் களியைப் பார்த்தார்கள்.

நான் முத்தாரே நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். போன அறுவடை முடிந்து கல்யாணமாகி இந்தக் கிராமத்துக்கு வந்தபோதே டீச்சருக்கு வாதம் வந்து பேச்சு போயிருந்தது. நடையும் இல்லை. அவருடைய முதுகில் எந்த இடத்தில் எலும்பு துருத்தும், எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். குரல் தெரியாது. ஊரே டீச்சர் என்று கூப்பிடும் அந்த மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

ஆகவே விசாரிக்கக் கிளம்பினேன். முதலில் மகாயாவிடம் போனேன். மகாயாவின் குடும்பம் எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சாவிரா முறை. அதாவது, துக்க வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேலி பேச உரிமை உள்ளவர்கள். அவர் டீச்சரின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் எப்படி நடப்பாங்க?"

"கடன் வசூலிக்கப் போறவ மாதிரி. நான் அப்ப மாடு மேய்க்கிற பையன். எங்கப்பன்கிட்ட வந்து, 'பையன அனுப்பு, இல்லன்னா மாட்ட அனுப்பு, ரெண்டுல எதுக்குப் படிப்பு வருதுன்னு பாக்குறேன்'னா. அப்பன் ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத்தான் என்னை அனுப்புனான்."

"குரல்?"

"மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்!"

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நர்ஸ் அம்மா, டீச்சரின் பழைய மாணவி, அதைக் கேட்டுவிட்டுக் குறுக்கே வந்தார். "பொய். டீச்சர் சத்தமே போட மாட்டாங்க. எங்கப்பா என்னைப் பதினாலு வயசுல கட்டிக் கொடுக்கப் பாத்தாரு. டீச்சர் எங்க வாசல்ல பாய் விரிச்சு உக்காந்து பரீட்சைத் தாள் திருத்தினாங்க. பள்ளிக்கூடம் விட்டதும் வருவாங்க, இருட்டுற வரைக்கும் திருத்துவாங்க. ஒரு வார்த்தை பேசல. கடைசியில எங்கப்பாவே தாங்காம, 'கூட்டிட்டுப் போங்க தாயே'ன்னுட்டாரு."

பஸ் டிரைவர் ஒருவர், டீச்சர் பிரம்பில்லாமல் நடந்ததே இல்லை என்றார். அவர் அண்ணன், பிரம்பு வகுப்புக்குள் வந்ததே இல்லை என்றார். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் எரிந்த பிறகு மலைக் குகையில் வகுப்பு நடந்ததை எல்லோரும் சொன்னார்கள். ஆனால் குகைக்குள் அவர் நின்றாரா உட்கார்ந்தாரா என்பதில்கூட ஒற்றுமை இல்லை. கேட்கக் கேட்க டீச்சர் பெரிதாகிக்கொண்டே போனார். எனக்குப் பயமும் கூடவே வளர்ந்தது. இவ்வளவு பெரிய ஒருத்தியை நான் எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது?

வெயில் ஏறியதும், விடிய விடிய அடித்த மத்தளம் நின்றது. டீச்சரின் நீலக் கவுனைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, அவருடைய பெரிய செருப்பில் கால் நுழைத்து முற்றத்துக்கு வந்தேன். வாசலுக்கு நேரே வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி. அதற்கு அப்பால் மாட்டுப்பட்டி வரைக்கும் ஜனங்கள். என் மாமனார், டீச்சரின் மூத்த மகன், பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். தாய் இறந்ததிலிருந்து அவர் அழவில்லை, யாரோடும் பேசவும் இல்லை.

நான் ஒரு குச்சியை வீசிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். "ஏய், கடைசி வரிசை! என்ன சத்தம்?" என்று கத்தினேன். கண்ணாடிக்கு மேலாக முறைத்தேன். மரியாதைக்குச் சிலர் சிரித்தார்கள். டீச்சரைப் பார்த்தே இராத சின்னப் பிள்ளைகள்தான் நன்றாகச் சிரித்தார்கள்.

செகாய் அத்தை சிரிக்கவில்லை. "இது ஏதோ ஒரு டீச்சர்," என்றார். "எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கெடைப்பா. எங்கம்மா எங்க?"

"மருமகளே, எங்க கெரெசென்சியாவ முத்தாரேயில இருந்து பஸ்ல வரவழைச்சியா? எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டாபோல," என்றார் மகாயா. அதற்குத்தான் கூட்டம் சிரித்தது.

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி தூக்க வந்த ஆண்கள் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை அசையவில்லை.

குச்சியைக் கீழே போட்டேன். அவர்கள் சொன்ன டீச்சர் எவளும் எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்தவர் கட்டிலில் கிடந்தவர் மட்டும்தான். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு செய்கை. யார் அறைக்குள் வந்தாலும் முதலில் அவர்கள் கழுத்தைத்தான் பார்ப்பார். பக்கத்தில் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டுவார். நல்ல கையின் இரண்டு விரலால் காலரை நேராக்கி, பொத்தான் திறந்திருந்தால் போட்டுவிடுவார். பிறகு நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தி, கண்ணுக்குள் கொஞ்ச நேரம் பார்ப்பார். நோயாளிக்கு வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகாயாதான் பக்கத்தில் இருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். அவருடைய காலர் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. இரண்டு விரலால் அதை எடுத்து நேராக்கினேன். நாடியைத் தொட்டு நிமிர்த்தினேன்.

ஏதோ கேலி சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது. எழுந்து நாற்காலியை விட்டு விலகினார். கைகள் இரண்டும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

"இருக்கேன், டீச்சர்," என்றார்.

அது மகாயாவின் குரலே இல்லை. ஒரு பையனின் குரல்.

மகாயா சின்னப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "குகை வாசல்ல இப்படித்தான்டா. ஆஜர் எடுக்கையில பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டா. பேரு வெளிய போனா ரெண்டு பக்கத்துத் துப்பாக்கிக்காரனுக்கும் தெரிஞ்சுபோகும். ஒவ்வொருத்தனா நிறுத்தி, காலரத் தொட்டு, கண்ணப் பாப்பா. உசுரோட வந்துட்டோமான்னு…"

நான் திரும்பியபோது நர்ஸ் அம்மா என் முன்னால் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பஸ் டிரைவர், அவருக்குப் பின்னால் அவர் அண்ணன். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. உயரத்துக்கு ஏற்றபடி குட்டையானவர்கள் முன்னும் நெட்டையானவர்கள் பின்னுமாக, நரைத்த தலைகள் ஒருவரை ஒருவர் தள்ளிச் சரிசெய்துகொண்டு நின்றன. வரிசை மாட்டுப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, சோளக் காட்டு ஓரமாகப் பாதைக்கு இறங்கியது. காலர் இல்லாதவர்கள் சால்வை முனையைக் கழுத்தில் கூட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இருக்கேன், டீச்சர்."

"இருக்கேன், டீச்சர்."

என் கை என் கையாக இல்லை. நான் தொட்ட ஒவ்வொரு கழுத்தையும் அவர் முன்பே தொட்டிருந்தார். இத்தனை பேர் இன்று உயிரோடு நிற்கிறார்கள் என்றால், ஒவ்வொருவரையும் அவர் அன்று பார்த்துவைத்ததால்தான். கட்டிலில் நான் புரட்டிப் படுக்கவைத்த அந்த லேசான உடம்புக்குள்ளா இவ்வளவும் இருந்தது?

வரிசையில் அடுத்து மாமா வந்து நின்றார்.

மாமாவுக்கு எதிரே நான் நின்று பேசியதில்லை. மண்டியிட்டு, மரியாதைக்குக் கை தட்டித்தான் பேசுவேன். மருமகள் மாமனாரைத் தொடுவது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. கை பாதியில் நின்றுவிட்டது.

மாமா எனக்கு எட்டும்படி தலையைக் குனிந்தார். "தொடுங்க, டீச்சர்," என்றார்.

தொட்டேன். காலர் ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் நேராக்கினேன். நாடியை நிமிர்த்தியபோது என் விரல் நனைந்தது.

"இருக்கேன், டீச்சர்." நகர்ந்துபோகாமல் இன்னொரு முறை, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இருக்கேம்மா," என்றார்.

அவருக்குப் பின்னால் செகாய் அத்தை.

அத்தையின் கறுப்புச் சட்டையில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பவர். என் முன்னால் வந்து நின்றவர், எல்லோரும் பார்த்திருக்க, தம் கையாலேயே மேல் பொத்தானைக் கழற்றினார். கழற்றிவிட்டுக் கையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார்.

நான் போட்டுவிட்டேன். சின்னப் பொத்தான், துளைக்குள் போகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு நாடியைத் தொட்டு நிமிர்த்தினேன். அத்தை என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பெட்டி தூக்குபவர்கள் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"அம்மா வந்துட்டாங்க," என்றார். "தூக்குங்க."