ரோடாவின் கடைசி அறிக்கை

ஒரு கையால் ரோடாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஈரத் தலையணையை உருவிக்கொண்டிருந்தாள் திர்சா. கிழவியின் உடம்பில் கனமே இல்லை. வாய் மட்டும் அடங்கவில்லை.

"மெதுவா, சிஸ்டர். நான் என்ன வைக்கோல் கட்டா?"

"வைக்கோல் கட்டு இவ்வளவு பேசாது."

"காலையில ஒரு கஞ்சி குடுத்தீங்களே, அத பன்னிக்கு ஊத்தியிருந்தா அது அப்பவே சபைய விட்டு ஓடியிருக்கும்."

திர்சாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. சாகப்போகிற நேரத்திலும் பெற்ற மகளைச் சிஸ்டர் என்றும் நீங்க என்றும் கூப்பிட எப்படித்தான் மனம் வருகிறதோ!

குடிகாரப் புருஷன் பண்ணையைத் தொலைத்துவிட்டுத் தானும் தொலைந்துபோன வருஷம், சின்னஞ்சிறு மகளைத் தூக்கிக்கொண்டு, ஷேக்கர் என்கிற கிறிஸ்தவத் துறவுச் சபையின் இந்தக் கிராமத்துக்கு வந்தவள் ரோடா. குளிர்காலம் முழுக்க வயிற்றை நிரப்பிக்கொண்டு, பனி உருகியதும் கம்பி நீட்டிவிடுகிறவர்கள் அப்போது நிறையப் பேர். 'குளிர்கால ஷேக்கர்' என்று அவர்களைக் கேலி செய்வார்கள். இவளும் அந்த ரகம்தான் என்று நினைத்தார்கள். இவள் தங்கிவிட்டாள். இங்கே புருஷன் பெண்டாட்டி கிடையாது, தாய் பிள்ளை கிடையாது. எல்லோரும் சகோதர சகோதரிகள். சோற்றுக்குக் கவலையில்லை, அடி உதை இல்லை. அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்? வந்த அன்றே குழந்தையைப் பெண்பிள்ளைகள் வீட்டில் சேர்த்தார்கள். அது "அம்மா, அம்மா" என்று கதறிக்கொண்டு பின்னால் ஓடியபோது ரோடா திரும்பி நின்று, "இங்க நான் உனக்கு சிஸ்டர்" என்றாள். திர்சா அதை மறக்கவே இல்லை.

இப்போது திர்சாவுக்கே தலை நரைத்துவிட்டது. நோயாளிகள் அறை அவள் பொறுப்பு. ரோடாவை இங்கே கொண்டுவந்து படுக்கவைத்ததிலிருந்து அவள் மனம் ஒன்றுக்காகத்தான் அடித்துக்கொண்டது. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை 'மகளே' என்று கூப்பிட்டுவிடட்டும். வேறு யாரும் கேட்க வேண்டாம். காதோடு சொன்னால் போதும்.

காய்ந்த தலையணையை வைத்துவிட்டு அவள் குனிந்தாள்.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

ரோடா அவள் முகத்தையே பார்த்தாள். கை மெல்ல எழுந்து கன்னத்துப் பக்கம் வந்தது. கன்னத்தைத் தொடாமல், குல்லாவின் நாடாவைச் சரிசெய்துவிட்டுக் கீழே போனது.

"மூப்பரம்மாவ வரச் சொல்லுங்க. நான் பாவ அறிக்கை பண்ணணும்."

சபைப் பெண்களுக்குத் தலைவியான மூப்பரம்மா ஹல்டா வந்ததும் திர்சா வெளியே போனாள். அறிக்கையை மூன்றாவது காது கேட்கக் கூடாது. நடையில் நின்று மடித்த துணிகளையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கும் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கதவுக்கு உள்ளேயிருந்து அழுகை கேட்டது. ரோடா அழுது அவள் கேட்டதே இல்லை. பிறகு அதுவும் நின்றது.

ஹல்டா கதவைத் திறந்தாள். "போயிட்டா."

இருவருமாக உடம்பைத் துடைத்தார்கள். முகத்தைத் துடைத்துக் கழுத்துக்கு வரும்வரைதான் திர்சாவால் கேட்காமல் இருக்க முடிந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா, மூப்பரம்மா?"

"அறிக்கையில கேட்டத வெளிய சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

ஹல்டா துணியைப் பிழிந்தாள். கெட்டவள் இல்லை. சொன்னால் இவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று மெய்யாகவே நம்பினாள்.

"உன்னைப் பத்தி மட்டும்தான் சொன்னா."

திர்சாவின் கை நின்றது.

"எல்லாரையும் ஒண்ணுபோல நேசிப்பேன்னு வாக்குக் குடுத்தவ. ஒரு நாள்கூட முடியலையாம். ஆராதனையில உன் குரல் எங்க கேக்குதுன்னு தேடுவாளாம். உனக்குக் காய்ச்சல் கண்டப்ப, பக்கத்துக் கட்டில் பிள்ளைங்கள விட்டுட்டு உனக்கு மட்டும் ஜெபம் பண்ணாளாம். மனசுக்குள்ள உன்ன மகளே, மகளேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா. எங்கிட்டகூட மறைச்சுட்டா பாரு, கள்ளி."

திர்சா குனிந்து ரோடாவின் காதோரத்தை மறுபடி துடைத்தாள்.

"நீ சந்தோஷப்படணும். கடைசியில மனந்திரும்பிட்டா. 'அந்தப் பாசத்த அறுத்துப் போட்டுட்டேன், இனி அவ எனக்கு எல்லாரையும்போல ஒருத்தி'ன்னு அவ வாயாலயே சொன்னா. அப்புறம்தான் மூச்சு அடங்குச்சு. சுத்தமா போயிருக்கா."

"அறுக்காமலே போயிருந்தா என்ன?"

"என்ன பேச்சு இது?" ஹல்டாவின் குரல் மாறியது. உடனே தணிந்தது. "உன் மனசுலயும் அப்படி ஏதாவது இருந்தா சாயங்காலம் வந்து சொல்லிரு. சுமந்துக்கிட்டுத் திரியாத."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல, மூப்பரம்மா."

ஒரு ஆயுசு முழுக்க ஒருத்தி அவளை நேசித்திருக்கிறாள். அது தெரியவந்த நேரத்தில் அந்த நேசமும் கைவிடப்பட்டிருந்தது. ரோடாவைத் திட்டக்கூட வழியில்லாமல் போனது. திர்சா செத்த கையைத் தூக்கி விரலிடுக்குகளைத் துடைத்தாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் தங்கள் வாசல் வழியாகவும் ஆண்கள் தங்கள் வாசல் வழியாகவும் வந்து, பேசாமல் முழங்காலிட்டு எழுந்தார்கள். பெஞ்சில் ரோடாவின் இடத்துக்கு அடுத்திருந்தவள் அங்கே நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். திர்சாவும் நகர்ந்தாள். வரிசையில் இடைவெளி இல்லாமல் போயிற்று.

தட்டில் எடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். உருளைக்கிழங்கைத் தண்ணீர் குடித்து இறக்கினாள். பிறகு ரொட்டித் துண்டால் தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, அதையும் வாயில் போட்டு மென்றாள்.