பேரவைத் தலைவரின் கல்லீரல்

முத்தியால்பேட்டை மதுவிலக்குப் பேரவையின் நிறுவனரும் நிரந்தரத் தலைவருமான, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திருமிகு இளஞ்செழியனாரின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டது என்ற வரலாற்றுச் செய்தி, 2006 ஆகஸ்டு மாதத்தில், இதனால் ஒருவருக்கும் அறிவிக்கப்படாமல் இருக்கக் கடவது.

அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. கஷ்டமே அதுதான். புதுச்சேரியில் ஒருவருக்குக் கல்லீரல் கெட்டது என்றால், எந்தக் கடை என்பதுதான் அடுத்த கேள்வி. சும்மாவே வந்தது என்று சொன்னால், கேட்டவன் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் தெருமுனையில் போய்ச் சிரிப்பான். பேரவையின் மானம் அன்றோடு போச்சு.

வழக்கமான டாக்டரோ ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "குடல், கல்லீரல் பாக்கற ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போங்க, தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டார். தலைவர் மூன்று நாள் ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றினார். படிப்பு, அனுபவம் எதையும் விசாரிக்கவில்லை. கிளினிக் பக்கத்தில் பிராந்திக் கடை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. முதல் கிளினிக்குக் கீழேயே பார். இரண்டாவதற்கு எதிரே கடை. ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில், சுற்றுவட்டாரத்தில் கடையே இல்லாத கிளினிக் ஒன்று அகப்பட்டது. பூரிப்போடு உள்ளே நுழைந்தார். பல் டாக்டர்.

"பல்லையாவது காட்டிட்டு வந்திருக்கலாம்ல," என்றாள் மனைவி சந்திரகலா. "இன்னாங்க, ஈரலப் பத்தி ஈரல் கெட்டவங்களத்தான கேக்கணும்? அடுத்த தெரு ஆலேன் அண்ணன் பாக்காத டாக்டரா?"

ஆலேன் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா. சாயந்திரமானால் பிராந்திக் கடை பெஞ்சில் இருப்பார். பேரவைக் கூட்டங்களில், பிரெஞ்சில் 'ஐயா' போட்டு, 'நம்மூர் முசியே ஒருவர்' என்று பெயர் சொல்லாமல் திட்டப்படுகிறவர். அந்த வட்டாரத்தில் இருந்ததே ஒரு முசியேதான்.

"அந்தாள்கிட்ட நானா?"

"நீங்க போவலைனா நான் போறேன். கடைக்கே போய்க் கேக்கறேன்."

தலைவர் போனார்.

ஆலேன் சிரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "மூணு பேரு இருக்காங்க சார். ஒருத்தரு எதுக்குமே டியூப் வுட்டுப் பாக்கணும்பாரு. நகச்சுத்தின்னு போனாலும் டியூபுதான். இன்னொருத்தரு, நாம வாயத் தெறக்கறதுக்குள்ள சீட்ட எழுதிருவாரு. மூணாவது ஆளு பதினஞ்சு வருஷமா ஈரல்தான் பாக்கறாரு. கேட்டா பொறுமையா பதில் சொல்வாரு, மருந்து வேணாம்னா வேணாம்பாரு. நாளைக்கு அங்க போலாம்."

"போலாம்னா, நீங்களுமா?"

"எனக்கும் நாளைக்குத்தான் தேதி."

மறுநாள் காத்திருந்த கூட்டத்தில் ஆலேனின் கடை பெஞ்சுச் சிநேகிதன் வைத்திக்குப்பம் காத்தவராயன் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். "வா முசியே. அட, மைக்ல பேசற சாரு. நம்மாளுதானா, சொல்லவே இல்ல?"

தன் முறை வந்ததும் தலைவர் உள்ளே ஓடினார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "எத்தினி வருஷமா குடிக்கறீங்க?"

"நான் மதுவிலக்குப் பேரவைத் தலைவர்."

"சரி. எத்தினி வருஷமா?"

தலைவர் கதவைத் திறந்து ஆலேனைக் கூப்பிட்டார். வேறு வழியில்லை. விஷயத்தைக் கேட்ட ஆலேன், "இவரு குடிச்சிருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமா டாக்டர்?" என்றார்.

டாக்டர் உடனே நம்பினார். "அப்ப தின்னுதான் வந்திருக்கு. பத்து கிலோ கொறைங்க. தெனம் நடங்க. ஸ்வீட்டு, எண்ணெய்ப் பலகாரம் ரெண்டும் வேணாம்."

"ஒரேயடியாவா? கூட்டத்துக்கு கூட்டம் மைசூர்பாகு குடுப்பாங்க. வேணாம்னா மனசு வருத்தப்படுவாங்களே?"

"இங்க வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எப்படி விட்டாருன்னு இவரக் கேளுங்க."

"எத விட்டாரு?"

"குடிய. நாலு வருஷமாச்சு."

தலைவர் ஆலேனைப் பார்த்தார். "தெனம் கடைல பாக்கறேனே?"

"சோடா சார். சிநேகிதனுங்க அங்கதான இருக்கானுங்க."

பேரவை தொடங்கிய ஆறு வருஷத்தில் அந்த வட்டாரத்தில் குடியை விட்டவர் அவர் ஒருவர்தான்.