அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

முல்லைத்தீவில் ஒன்றரை வருஷமாக நடந்துவந்த றஜித்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் றஜித். மற்றவர் அந்தோனியார். அவர் யாரிடமும் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் றஜித் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்வந்தான்.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் பின்னறைதான். சுவர் முழுக்க முட்டை அட்டை, கதவிடுக்கில் சத்தம் போகாமல் செருகிய பழைய சாரத் துணி, ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு மைக், ஒரு கணினி. பின்பக்கம் மாட்டுக்கொட்டிலில் மாடு இல்லை, ஜெனரேற்றர் இருந்தது. இவ்வளவும் அண்ணன் அல்பிரட் சுவிஸிலிருந்து அனுப்பிய காசில் வந்தவை. சண்டை நின்று பாதை திறந்த கையோடு அவர் தொலைபேசியில், "நீ கோயில்ல பாடுறதை அம்மா மட்டும் கேட்டால் காணாது, வெளியில உள்ள சனமும் கேக்கவேணும்" என்று சொல்லி அனுப்பினார். அங்கே அவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அதை அவர் ஒருபோதும் ஒளிக்கவில்லை. தம்பியின் பாட்டு வரட்டும், உணவகத்திலேயே போட்டுவிட்டுக் கழுவுவேன் என்பார்.

கணினி வந்த முதல் நாளே றஜித் தான் கட்டிய ஒரு பாட்டைப் பாடிப் பதிந்து, போட்டுக் கேட்டான். அதுதான் வந்த வினை. கோயிலில் கேட்டவர்கள் கண்கலங்கும் அந்தக் குரல் கணினியிலிருந்து சளி பிடித்த ஆட்டுக்குட்டியின் குரலாக வெளியே வந்தது. தன் குரலை முதன்முதலில் இயந்திரத்தில் கேட்கிற யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் அவனுக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவன் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. அழித்துவிட்டான்.

பிழை குரலில் இல்லை, பிளகினில்தான் என்று அன்றிரவே முடிவாயிற்று. பிளகின் என்பது பாட்டுப் பதியும் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் குட்டிச் சாமான். ஒன்று குரலைத் தடிப்பாக்கும், ஒன்று வயலினாக ஒலிக்கும், இன்னொன்று பின்னறையில் பாடியதைப் பேராலயத்தில் பாடியதுபோல் எதிரொலிக்கச் செய்யும். வவுனியாவுக்கு லொறி விடும் வியாபாரி ஜவாஹிர் மாதம் ஒருமுறை அங்கிருந்து சீடி வாங்கிவந்து கொடுப்பார். ஒரு சீடியில் நூறு பிளகின் இருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஒரு கூடத்தைத்தான் குறை சொன்னாள். றஜித்திடம் எதிரொலிக்கு மட்டும் நாற்பது பிளகின் இருந்தன. எல்லாமாக அறுநூற்றுப் பன்னிரண்டு.

"எப்பிடியடா போகுது?" என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம், "பத்துப் பாட்டும் முடிஞ்சுது அண்ணா. மெருகுதான் பாக்கி" என்று றஜித் சொன்னான். முதல்தரம் சொன்னபோது நாக்குக் கூசியது. நாலாம்தரம் அவனே நம்பிவிட்டான். அண்ணனோ அதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. அந்தோனியார் திருநாளுக்கு வருகிறேன், பாட்டைக் கோயில் ஒலிபெருக்கியில் போட்டு எல்லாரும் கேட்போம் என்று விமானச் சீட்டு எடுத்துவிட்டார். பதினாலு வருஷத்துக்குப் பிறகு வருகிறார். தாய் சூசையம்மா கடற்கரை முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மென்பொருள் நின்றுபோனது. திறக்கும்போதெல்லாம் தன்னிடமுள்ள பிளகின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் அதற்கு உண்டு. அதை ஸ்கேன் என்பார்கள். திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஸ்கேன் பாதிவழியில் உறைந்தது. எதில் சிக்கியது என்று சொல்லும் நாகரிகம் அதற்கு இல்லை. மூடித் திறந்தாலும் அதே கதைதான்.

ஒரு மணித்தியாலம் றஜித் தலையில் கை வைத்திருந்தான். பிறகு மெதுவாகக் கையை எடுத்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டு இல்லை என்றால் அது அவன் குற்றம். மென்பொருள் திறக்கவில்லை என்றால் யார் என்ன செய்யமுடியும்? பிளகின் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டால் திறந்துவிடும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எடுக்கவில்லை.

"வெண்ணெய் திரண்டு வரேக்க தாழி உடைஞ்ச மாதிரிப் போச்சே மோனை" என்று சூசையம்மா கலங்கினார். தாழிக்குள் தயிரே இல்லை என்று அவனால் சொல்லமுடியுமா? காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்பதால், பிழை எங்கே என்று காட்டச் சொல்லித் தாய் மெழுகுதிரி கொளுத்தினார். பிழையைக் காட்டவேண்டாம் என்று அதே சொரூபத்தின் முன்னால் மகன் மன்றாடினான். அந்தோனியாருக்கு இப்படி ஒரு சங்கடம் முன்பு வந்திருக்காது.

அல்பிரட் சொன்ன நேரத்துக்கு அரைநாள் முந்தியே வந்து இறங்கினார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அரைநாள் நிற்கவேண்டும் என்று கணக்குப் போட்டு வந்தவரை, என்றுமில்லாத புதுமையாக, அரை மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்களாம். கட்டிப்பிடித்து அழுது, மீன்குழம்போடு சோறு தின்று, முகம் கழுவியதும் அவர் முதலில் கேட்டது பாட்டைத்தான்.

றஜித் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஸ்கேனைக் காட்டினான். அல்பிரட் கோபிக்கவில்லை. உறைந்து நின்ற திரையையும் முட்டை அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உதோடயோ இவ்வளவு நாளும் மாரடிக்கிறாய்?" என்றார். "நான் அங்கயிருந்து சும்மா கரைச்சல் குடுத்துப்போட்டன். பரவாயில்லையடா. பாட்டு உள்ளுக்குப் பத்திரமாக் கிடக்குத்தானே?"

"ஓம் அண்ணா. அது பத்திரமாக் கிடக்கு."

இதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பின்னேரம் ஜவாஹிர் ஒரு கான் பெற்றோலோடு வந்தார். கானைக் கொட்டிலில் வைத்துவிட்டு உள்ளே வந்தவர் அல்பிரட்டைக் கண்டு அப்படியே நின்றார். இருவரும் ஒரே வகுப்பு. தொண்ணூறாம் ஆண்டு ஒருவர் புத்தளத்துக்குப் போனார், மற்றவர் சுவிஸுக்குப் போனார். முஸ்லிம் என்று ஒருவரைப் போகச் சொன்னார்கள், சண்டைக்குள் மற்றவரால் இருக்கமுடியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு ஜவாஹிர் திரையைப் பார்த்து, "இன்னும் இது நிண்டபடிதானோ?" என்றார். விபரம் கேட்டார். கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எனக்குப் பழகின வேலையடா அல்பிரட். ஒருக்கா ஓமந்தையில என்ர லொறியில நாப்பது மூட்டை அரிசி. மோப்ப நாய் வந்து மணந்து பாத்திட்டுக் குந்திட்டுது. நாப்பதையும் அவிழ்த்தால் பொழுது பட்டிடும். இருவதை இறக்கி அங்கால வைச்சம். நாய் இறக்கின இருவதுக்குப் பக்கத்தில குந்திச்சு. அதில பத்தைப் பிரிச்சம். பிறகு அஞ்சு. கடைசியா ஒரு மூட்டை. அவிழ்த்துப் பாத்தால் கிளீனர் தன்ர இறைச்சிப் பார்சலை உள்ளுக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறான். ஒரு பார்சலுக்காக முழு லொறியும் நிண்டது. தம்பி, இதில பாதியை இறக்கும் பாப்பம்."

"அது சரிவராது ஜவாஹிர் நானா. இது கொம்பியூட்டர்" என்றான் றஜித்.

"அப்ப நாயை விடக் கெட்டிக்காரனாய்த்தானே இருக்கும்" என்றார் ஜவாஹிர்.

அந்த அறையில் பிழை கண்டுபிடிபடக்கூடாது என்று நினைத்த ஒரே ஆள் றஜித். அதைத் தேடும் கையும் அவனுடையதாகவே இருந்தது. முந்நூற்றாறு பிளகின்களை வேறிடத்துக்கு மாற்றினான். மிச்சம் முந்நூற்றாறோடு ஸ்கேன் ஓடி, எட்டு நிமிஷத்தில் உறைந்தது. "பாத்தியே, நாய் குந்திட்டுது" என்று ஜவாஹிர் தொடையில் தட்டினார். அதில் பாதியை மாற்றினான். இம்முறை ஸ்கேன் முழுதும் ஓடி மென்பொருள் திறந்தது. றஜித் கண் மூடித் திறப்பதற்குள் அதை மூடினான்.

"ஏன் மூடினனீ?" என்றார் அல்பிரட்.

"இது நல்ல பாதி அண்ணா. பிழையான பாதியையல்லோ பாக்கவேணும்."

"தம்பி சொல்லுறது சரி" என்று ஜவாஹிர் மெச்சினார். மாணவன் தேறிவிட்டான் என்று அவருக்கு மகிழ்ச்சி.

நூற்றைம்பத்துமூன்று எழுபத்தேழாயிற்று, எழுபத்தேழு முப்பத்தெட்டாயிற்று. பத்தொன்பதில் றஜித் கை வலிக்குது என்றான். அல்பிரட் தானே மௌஸை வாங்கிக்கொண்டார். பத்து. ஐந்து. இரண்டு. கடைசியில் ஒன்று. ஸ்கொட்லாந்துக்காரர் கக்கத்தில் வைத்து ஊதும் தோற்பைக் குழலின் ஓசை தரும் பிளகின் அது. றஜித் அதை ஒருநாளும் தொட்டதில்லை. சீடியில் கிடந்தது, போட்டு வைத்திருந்தான், அவ்வளவுதான்.

"அந்தோனியாருக்கு ஏனடா இந்தக் குழல்?" என்று சிரித்தபடி அல்பிரட் அதை அழித்தார். மிச்சம் அறுநூற்றுப் பதினொன்றையும் திரும்பப் போட்டார். ஸ்கேன் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. திரையில் பதிவுகளின் பட்டியல் விரிந்தது. 'திருநாள் பாட்டு', 'திருநாள் பாட்டு கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்று நாற்பதுக்கு மேல் கிடந்தன. அல்பிரட்டின் முகம் விரிந்ததைப் பார்க்க றஜித்தால் முடியவில்லை.

"பத்தெண்டான், இஞ்ச எவ்வளவு செய்து வைச்சிருக்கிறான் பார்" என்று ஜவாஹிரிடம் சொல்லிக்கொண்டே அல்பிரட் முதலாவதைத் தட்டினார்.

ஏதோ ஒரு பேராலயத்தில் ஒருவன் ஒருதரம் கை தட்டினான். அவ்வளவுதான்.

இரண்டாவதில் ஒருவன் மலைக்குகையில் கை தட்டினான். மூன்றாவதில் தண்ணீர்த் தாங்கிக்குள் தட்டினான். அல்பிரட் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். கடைசியாகக் கிடந்தது, நாற்பது எதிரொலியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு றஜித் ஒருநாள் விளையாட்டாகச் செய்தது. அதில் ஒரு மைதானம் நிறைந்த சனம் எழுந்து நின்று தட்டியது. அறை அதிர்ந்து, ஓசை மெல்ல மெல்ல அடங்கியது.

"இது என்னடா?"

"எதிரொலி எப்பிடியெண்டு கை தட்டிப் பாத்தனான் அண்ணா."

"பாட்டு?"

றஜித்துக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, பதிந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன் என்ற உண்மை வாய்வரை வந்தது. ஒன்றரை வருஷக் கோப்பைகளுக்கு அது ஒரு பதிலா? ஜவாஹிர் முட்டை அட்டையின் குழிகளை எண்ணத் தொடங்கினார்.

அல்பிரட் எழுந்தார். அறையப்போகிறார் என்று றஜித் தலையைக் குனிந்துகொண்டான். அவர் அவனைத் தாண்டி வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கொட்டிலில் ஜெனரேற்றர் இருமி நின்றது. திரை இருண்டது. திரும்பி வந்து பழையபடி கதிரையில் இருந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுப்படியிலிருந்து மூன்று தேத்தண்ணியோடு சூசையம்மா உள்ளே வந்தபோது அவர் கண் பளபளத்தது.

"குசினிக்குக் கேட்டுது மோனை. அந்தோனியார் கைவிடேல்லை. எவ்வளவு சனம் கை தட்டுது. பாட்டு முடிஞ்சுபோச்சோ? எனக்கு ஒருக்காப் போடு, நான் கேக்கேல்லை."

"ஜெனரேற்றர் நிண்டிட்டுது அம்மா" என்றார் அல்பிரட். "பெற்றோல் முடிஞ்சுது."

"இப்பதானே ஜவாஹிர் தம்பி கான் நிறையக் கொண்டந்தவர்."

ஜவாஹிர் அல்பிரட்டைப் பார்த்தார். வியாபாரத்தில் ஒரு இறாத்தல் எடைகூடக் குறைத்து நிறுத்தறியாத மனுஷன். "கான் ஒழுகிட்டுது போல அம்மா" என்றார்.

அண்ணன் அறைந்திருந்தால் றஜித் தாங்கியிருப்பான். ஊருக்கு வந்த முதல் நாளே அண்ணன் தாயிடம் பொய் சொல்வதையும், அதற்கு ஜவாஹிர் நானா சாட்சி நிற்பதையும் அவனால் தாங்கமுடியவில்லை.

"பெற்றோல் கிடக்கு அம்மா" என்றான். "பாட்டுத்தான் இல்லை. நான் ஒண்டும் பாடேல்லை. ஒண்டுகூட இல்லை."

சூசையம்மா தட்டை மேசையில் வைத்தார். இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப அவ்வளவு சனமும் எதுக்கு மோனை கை தட்டினது?" என்று கேட்டார்.