மூன்றாவது நிறுத்தம்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரிலிருந்து தலைநகர் துனிஸுக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டும் ஹஷ்மி, அன்று காலை மூன்றாவது முறையாக ஒலிவத் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தினார்.

“தோப்புக்கு உரம் போட ஒப்பந்தம் எடுத்திருக்கீங்களா, அண்ணே?” என்றான் முன்னிருக்கையில் இருந்த டயர் வியாபாரி லஸ்ஆத். வேனே சிரித்தது.

ஒரு வருடமாகவே ஹஷ்மிக்கு இப்படித்தான். அடிக்கடி சிறுநீர் முட்டும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வயசானால் சகஜம் என்று நினைத்து, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியது. நின்று பார்த்தார், நடந்து பார்த்தார், குந்திப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. இறங்கி வந்த லஸ்ஆத் அவர் முகத்தைப் பார்த்ததும் சாவியை வாங்கிக்கொண்டான்.

“ஏறுங்கண்ணே. சூஸ் டவுன் ஆஸ்பத்திரி பக்கம்தான்.”

நேரமாகிறது என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

டாக்டர் நாஜியா குழாய் போட்டுச் சிறுநீரை இறக்கியதும் ஹஷ்மிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“ப்ராஸ்டேட் சுரப்பி பெருத்து வழிய அடைச்சிருக்கு. ரத்தமும் ஸ்கேனும் பார்த்துட்டு மாத்திரையா ஆபரேஷனான்னு சொல்றேன். ஏன் முன்னாடியே வரல?”

“சொல்ல வெட்கமா இருந்துச்சு டாக்டரம்மா.”

மாலையில் குழாயோடு படுத்தபடியே ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தார்.

“ஒண்ணுக்குப் போறது உனக்கு எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு.”



“உனக்கு யார் சொன்னா?” என்றார் அண்ணன்.